திங்க்பேட் டி480: வெளியே கழற்றும் பேட்டரி கொண்ட பழைய மடிக்கணினி, வட சென்னையில் எப்படி உழைக்கிறது?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் உள்ள சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்த கையோடு கணக்கைப் பதிந்து தரச் சொல்பவர்கள் உண்டு. அங்கே ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே பிளக் பாயின்ட் கிடைக்காது. கடைக்குள் உட்கார்ந்து எழுதினாலும், இருக்கிற ஒரே பிளக்கில் எடை மெஷினோ டேபிள் ஃபேனோ ஏற்கெனவே மாட்டியிருக்கும். ஆகவே மடிக்கணினி வாங்கும்போது அதன் வேகத்தைவிட எனக்கு முக்கியமான கேள்விகள் மூன்று: சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும், அது போய்விட்டால் நானே மாற்றிக்கொள்ள முடியுமா? லெனோவோவின் திங்க்பேட் டி480-ஐ செகண்ட் ஹேண்டாக வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். இந்த மூன்று கேள்விகளுக்கும் இதைவிட நல்ல பதிலை இந்த விலையில் நான் பார்க்கவில்லை.

இது 2018-இல் வெளியான மாடல். இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலி உள்ளதை வாங்கினால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்ட நிலையில், பழைய மடிக்கணினி தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய தகுதி இதுதான். டேலி என்ற கணக்கு மென்பொருள், எக்செல், பிரவுசரில் ஜிஎஸ்டி தளம், இடையிடையே ஒரு வீடியோ அழைப்பு என்கிற அளவிலான வேலைக்கு வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

சொல்ல வேண்டியது பேட்டரியைப் பற்றித்தான். இதில் இரண்டு பேட்டரிகள் உள்ளன. உள்ளே பொருத்தப்பட்டிருப்பது 24 வாட்-மணி கொள்ளளவு உடையது; அதாவது, ஒரு வாட் வீதம் இழுத்தால் 24 மணி நேரம் நிற்கும். பின்புறம் வெளியே கழற்றக்கூடியது 24, 48, 72 வாட்-மணி என மூன்று அளவுகளில் வந்தது. மடிக்கணினி முதலில் வெளிப் பேட்டரியைச் செலவழித்துவிட்டு, அதன் பிறகே உள் பேட்டரிக்கு வருகிறது. எனவே வெளிப் பேட்டரி தீர்ந்ததும், கணினியை அணைக்காமலேயே அதைக் கழற்றிவிட்டு, சார்ஜ் ஏற்றி வைத்த இன்னொன்றை மாட்டிவிடலாம். கணினியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்து இரண்டு தாழ்களையும் விரலால் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். புதியதை வைத்து அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். டேலியில் பாதி பதிந்த வவுச்சர் திரையில் அப்படியே நிற்கும். இந்த டி வரிசையில் அடுத்து வந்த டி490-இல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். கணினி மெலிந்தது, பேட்டரி உள்ளே போய்விட்டது. மெலிவுக்காக இந்த வசதியை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

72 வாட்-மணி பேட்டரி உருளை செல்களால் ஆனது என்பதால் அடிப்பக்கமாகச் சற்றுப் புடைத்திருக்கும். அதை மாட்டினால் கணினியின் பின்பகுதி மேசையிலிருந்து கொஞ்சம் உயர்ந்து நிற்கும். சிலருக்கு அந்தத் தோற்றம் பிடிக்காது. எனக்கோ அது நன்மையாகவே படுகிறது. விசைப்பலகை கைக்கு வாகாகச் சாய்கிறது, அடியில் காற்று போக வழி கிடைக்கிறது.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை மணிக்கணக்கில் சொல்வதைவிட வாட் கணக்கில் சொல்வதே சரி. 24-ம் 72-ம் சேர்ந்து 96 வாட்-மணி. கணினி சராசரியாக 8 வாட் இழுத்தால் 12 மணி நேரம். 16 வாட் இழுத்தால் 6 மணி நேரம். ஆக, ஒரே பேட்டரி ஒருவருக்கு ஒரு நாள் முழுக்க வருவதும் இன்னொருவருக்குப் பாதி நாளில் தீர்வதும் அவரவர் கணினி எத்தனை வாட் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அந்த நேரத்து இழுவையை வாட் கணக்கில் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அமைப்பாக மாற்றிப் பார்த்தால், எது உண்மையில் மிச்சப்படுத்துகிறது, எது வெறும் நம்பிக்கை என்பது சிறிது நேரத்தில் தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்ததில், திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைப்பதுதான் ஒரே சொடுக்கில் கிடைக்கும் பெரிய மிச்சம். அடுத்தது பிரவுசர். திறந்து மறந்துபோன தாவல்களும், தானாக ஓடும் விளம்பர வீடியோக்களும் செயலியை ஓய விடுவதில்லை. விண்டோஸ் அமைப்புகளில் 'பவர் அண்ட் பேட்டரி' என்ற பகுதிக்குள் போனால், எந்த மென்பொருள் எவ்வளவு பேட்டரியைத் தின்றது என்ற பட்டியல் இருக்கிறது. பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் கிளவுட் ஒத்திசைவு மென்பொருள்கள் அந்தப் பட்டியலில் மேலே நிற்பதைப் பலரும் காண்பார்கள். பவர் மோடை 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி'க்கு மாற்றிவிட்டால் செயலி தேவையில்லாமல் வேகமெடுப்பது குறைகிறது. கணக்கு வேலையில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ப்ளூடூத்தையும் வைஃபையையும் அணைப்பதில் கிடைப்பது இவற்றோடு ஒப்பிட்டால் சொற்பம். திரையின் பின்னணியைக் கறுப்பாக்கினால் மிச்சமாகும் என்ற யோசனையும் இந்தக் கணினிக்குப் பொருந்தாது. இதில் இருப்பது எல்சிடி திரை. படம் கறுப்பாக இருந்தாலும் பின்விளக்கு அதே அளவில் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓஎல்இடி திரையில்தான் கறுப்புப் புள்ளி மின்சாரம் எடுக்காது.

இனி, நான் இந்தக் கணினியை விரும்புவதற்கான முதன்மைக் காரணத்துக்கு வருகிறேன். லெனோவோ வான்டேஜ் மென்பொருளில், பேட்டரி எந்தச் சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏறத் தொடங்க வேண்டும், எந்தச் சதவீதத்தில் நிற்க வேண்டும் என்ற இரண்டு எல்லைகளையும் நாமே குறிக்கலாம். அதையும் இரண்டு பேட்டரிகளுக்கும் தனித்தனியாகக் குறிக்கலாம். என் கணினியில் 75-இல் தொடங்கி 80-இல் நிற்கும்படி வைத்திருக்கிறேன். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு டிஎல்பி என்ற கருவி இதே வேலையைச் செய்து தருகிறது. வீட்டில் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே மாட்டியிருந்தாலும் பேட்டரி 80-ஐத் தாண்டாது. கணினி நேராகச் சுவர் மின்சாரத்தில் ஓடும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? லித்தியம் அயனி பேட்டரி பயன்படுத்தினால் தேய்வது ஒருபுறம் இருக்க, சும்மா வைத்திருந்தாலும் தேயும். முழுச் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த உயர் மின்னழுத்தத்தில் உள்ளிருக்கும் மின்பகுபொருள் மெல்லச் சிதைகிறது. கிராஃபைட் முனையின் மீது படலம் தடிக்கிறது. அந்தப் படலத்துக்குள் லித்தியம் சிக்கிக்கொண்டு திரும்ப வேலைக்கு வராமல் போகிறது. இந்த வினைகள் அனைத்தையும் வெப்பம் விரைவுபடுத்துகிறது. கேடெக்ஸ் நிறுவனத்தின் பேட்டரி யுனிவர்சிட்டி வழிகாட்டியில் இதற்கு ஒரு அட்டவணை உண்டு. 25 டிகிரி செல்சியஸில் ஓராண்டு வைத்திருந்த பேட்டரி, 40 சதவீதச் சார்ஜில் இருந்தால் தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைக்கிறது. முழுச் சார்ஜில் இருந்தால் 80 சதவீதத்தை. அதையே 40 டிகிரியில் வைத்தால், முதலாவது 85 ஆகவும் இரண்டாவது 65 ஆகவும் இறங்கிவிடுகிறது. நம்முடைய கத்திரி வெயில் காலத்தை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும். சிமென்ட் ஷீட் போட்ட மாடி அறையில், ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் இருக்கும் பேட்டரிக்கு 40 டிகிரி என்பது மே மாதத்தில் சாதாரணம். அந்த அறையில் நூறு சதவீதச் சார்ஜோடு மாதக்கணக்கில் செருகியே கிடக்கும் மடிக்கணினியின் பேட்டரி, வெளியே எடுத்துப் போகாமலேயே பாழாகிவிடும். "நான் பேட்டரியில ஓட்டவே இல்லையே, எப்படிப் போச்சு?" என்று கேட்பவர்கள் பலருக்கும் விடை இதுதான்.

முன்பு நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்த காலத்தில், முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்று சொல்லுவார்கள். அந்தப் பழக்கத்தை லித்தியம் பேட்டரிக்குக் கொண்டுவருவது அதற்குச் செய்யும் தீங்கு. எப்போதாவது ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்குவதால் கிடைக்கும் பயன் ஒன்றே ஒன்று. திரையில் காட்டும் சதவீதக் கணக்கு சரியாகும். கொள்ளளவு கூடாது. மெத்தையின் மீதும் தலையணையின் மீதும் வைத்துக் காற்றுத் துளையை அடைப்பதை நிறுத்துவது அதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

எண்பதில் நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு; அவசரத்துக்கு இருபது சதவீதம் குறைவாக இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்நிறுத்தம் என்று நாளிதழில் எங்கள் பகுதிப் பெயர் வந்தால், முந்தின இரவே எல்லையை நூறுக்கு உயர்த்திவிடுவேன். மறுநாள் மின்சாரம் வந்ததும் மீண்டும் எண்பது. புயல் எச்சரிக்கை வந்தாலும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள்; வட சென்னையின் பல தெருக்களில் அது திரும்பி வர நாள்கணக்கு ஆனது. அத்தகைய நேரத்தில் இந்தக் கணினியின் இன்னொரு வசதி கைகொடுக்கும். இதன் யூஎஸ்பி துளைகளில் ஒன்று 'ஆல்வேஸ் ஆன்' வகையைச் சேர்ந்தது. கணினி உறக்கத்தில் இருந்தாலும் அதிலிருந்து கைபேசிக்குச் சார்ஜ் ஏறும். 5000 எம்ஏஹெச் கைபேசி பேட்டரி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 19 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நிரம்பிய 72 வாட்-மணி பேட்டரி இரண்டு மூன்று கைபேசிகளை முழுதாக நிரப்பிவிடும்.

சார்ஜ் ஏற்றுவது யூஎஸ்பி-சி வழியாக நடப்பதும் நல்லதுதான். இரண்டு யூஎஸ்பி-சி துளைகளில் எதில் வேண்டுமானாலும் செருகலாம். யூஎஸ்பி-சி வழியே கூடுதல் வாட் தரும் 'பவர் டெலிவரி' முறையிலான 45 வாட் அல்லது 65 வாட் சார்ஜர் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. பவர் பேங்க் வாங்குபவர்கள் அது 20 வோல்ட்டில் 45 வாட்டாவது தருமா என்று பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும். கைபேசிக்கான சாதாரணப் பவர் பேங்க் இதற்கு உதவாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முழு எச்டி திரையின் வெளிச்ச அளவு 250 நிட்ஸ்தான். துறைமுகத்து வெளியில் காலை வெயில் ஏறிய பிறகு திரையைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். நிழல் தேடி உட்கார வேண்டும். இன்னும் குறைந்த தரமுள்ள 1366க்கு 768 திரையோடும் இந்த மாடல் விற்கப்பட்டது. அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பெரிய பேட்டரியோடு சேர்த்தால் எடை தோளில் தெரியும். யூஎஸ்பி-சி துளைகளில் ஒன்றான தண்டர்போல்ட் துளையின் பழைய ஃபர்ம்வேரில் (அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில்), யூஎஸ்பி-சி சார்ஜ் நின்றுபோகக்கூடிய பிழை ஒன்று இருந்தது. லெனோவோவே 2019-இல் திருத்தம் வெளியிட்டது. செகண்ட் ஹேண்டாக வாங்குபவர்கள் வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வான்டேஜ் வழியாக அந்தத் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. கடற்கரையோரம் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை: உப்புக் காற்று யூஎஸ்பி-சி துளைக்குள் இருக்கும் மெல்லிய தொடுமுனைகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். நான் ஒரு சிறிய ரப்பர் மூடி போட்டு வைத்திருக்கிறேன்.

வாங்குவது எங்கே, எப்படி என்பது பற்றி. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இந்த மாடல் ஏராளமாகக் கிடைக்கிறது. பெரிய அலுவலகங்கள் கழித்துப்போட்டவை அங்கே வந்து சேருகின்றன. மேல் உறையின் பளபளப்பைப் பார்த்து விலை பேசக் கூடாது. கடையிலேயே கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்துத் தட்டினால், ஒரு அறிக்கை உருவாகும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பிறந்தபோதிருந்த அளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைய அளவு. இரண்டு பேட்டரிகளுக்கும் தனித்தனி வரிசை வரும். நான் வாங்கும்போது உள் பேட்டரி 24-இல் 18 வாட்-மணியும், வெளிப் பேட்டரி 72-இல் 61 வாட்-மணியும் காட்டின. இரண்டும் சேர்ந்து 79. சராசரியாக 9 வாட் இழுக்கும் என் வேலைக்கு எட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இன்றைய அளவு பிறந்த அளவில் பாதிக்குக் கீழே இருந்தால், புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேச வேண்டும். கடைக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. அறிக்கையைக் கேட்கத் தெரிந்தவர் என்று தெரிந்ததும் உள்ளேயிருந்து வேறொரு நல்ல கணினியை எடுத்து வந்தவர்களும் உண்டு.

மாற்றுப் பேட்டரி வாங்கும் இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். லெனோவோ என்று ஸ்டிக்கர் ஒட்டிய போலிகள் தாராளமாக விற்கின்றன. கூடுதலாக ஒரு பேட்டரி வேண்டுமென்று நான் ஒரு கடையில் வாங்கியது அப்படிப்பட்டது. மாட்டிக் கணினியைத் திறந்ததும், இந்தப் பேட்டரிக்கு ஆதரவில்லை, இது சார்ஜ் ஏறாது என்ற அறிவிப்பு வந்து நின்றது. பில் இருந்தும் பணம் திரும்பவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் மடிக்கணினி பழுதுபார்க்கும் மூத்தவர் ஒருவரிடம் அதை எடுத்துப் போனேன். "அண்ணே, இதைச் சரிபண்ண முடியுமா?" என்று கேட்டதற்கு, அவர் என் அசல் பேட்டரியை ஒரு கையிலும் புதியதை இன்னொரு கையிலும் வைத்துக் காட்டச் சொன்னார். "கனத்தைப் பாரு தம்பி. ஆறு செல்லுக்கு உண்டான கனமா இது? இதைத் திறந்து நான் வேற செல் வச்சுத் தரேன்னா பணம் வாங்கிக்கலாம். ஆனா கட்டுப்பாட்டு போர்டே போலி. ராத்திரி உன் வீட்டுல சார்ஜ் போட்டுட்டுத் தூங்கற பொருளுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன்" என்றார். பணம் வாங்காமல் திருப்பி அனுப்பிய அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். கட்டுப்பாட்டு போர்டுதான் அளவுக்கு மீறி ஏறுவதையும், அளவுக்குக் கீழே இறங்குவதையும், சூடேறுவதையும் கண்காணித்துத் துண்டிக்கிறது. அதில் குறை வைத்த பேட்டரி விலை குறைவாக இருப்பதில் எந்த லாபமும் இல்லை.

உள் பேட்டரியை மாற்றுவது கொஞ்சம் கூடுதல் வேலை; அடித்தட்டின் திருகுகளைத் தளர்த்தி, விளிம்பை மெல்ல நெம்பித் திறக்க வேண்டும். அதற்கு முன், கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் உள் பேட்டரியைத் தற்காலிகமாக முடக்கும் வசதியைப் பயன்படுத்திக்கொள்வது அவசியம். டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாமல் போனாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்தவும் கூடாது, அழுத்தவும் கூடாது, காயலான் கடை மூட்டையில் போடவும் கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு. சேவை மையத்திலேயே ஒப்படைத்துவிடலாம்.

யாருக்கு இந்தக் கணினியைச் சொல்வேன்? வீட்டுக்கு வீடு போய்ப் பாடம் எடுப்பவர்கள், காப்பீட்டு முகவர்கள், என்னைப் போல் கடை கடையாகக் கணக்கு எழுதுபவர்கள், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் படிக்கும் கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்குத் தயங்காமல் சொல்வேன். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும், எடை குறைவாக வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது. வாங்குவதானால் முழு எச்டி ஐபிஎஸ் திரையும் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் வகை), 48 அல்லது 72 வாட்-மணி வெளிப் பேட்டரியும் உள்ளதைக் கேளுங்கள். 24 வாட்-மணி சிறு பேட்டரியோடு வந்தாலும் கவலையில்லை. அதைக் கூடுதல் பேட்டரியாக ஒதுக்கி, பாதிச் சார்ஜில் நிழலான இடத்தில் வைத்துக்கொண்டு, அசல் 72-ஐத் தனியே தேடி வாங்கிக்கொள்ளலாம்.